மீன் பிடிக்கவும் மீன் சமைக்கவும் யாரிடம் கற்பது?

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐவகை நிலங்களையும் மனப்பாடம் செய்து ஒப்பித்தவள் நான். நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால், கடந்த ஆண்டு தெலுக் இந்தான் சந்தையில் ஒரு மீன்கடையின் முன் நின்றுகொண்டு, "பாட்டி கானாங்கெளுத்தி கேக்குறாங்கம்மா, இங்க அப்படி ஒரு மீனே இல்ல" என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா சிரித்தார். "அது கெம்போங் தாண்டி. உன் கண்ணு முன்னாலதான் கெடக்கும், பாரு" என்றார். ஆமாம், ஐஸின்மேல் அரை அடி உயரத்திற்குக் குவிந்து கிடந்தது.

ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. மீன்களின் பெயர்கள் எல்லாம் எனக்கு மலாயில்தான் பதிந்திருந்தன. பாட்டிக்கோ அவை தமிழில்தான் தெரியும். இத்தனைக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே தட்டில் ஒரே மீனைச் சாப்பிட்டு வந்திருக்கிறோம்!

அன்று நான் சந்தைக்குப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. கடந்த ஆண்டின் தொடக்கத்தில் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. நடையும் ஓரளவு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் திரும்பவில்லை. எங்கள் வீட்டு மீன் குழம்பு அந்த வலது கையில்தான் இருந்தது. புளி எவ்வளவு, மிளகாய்த்தூள் எவ்வளவு என்று கேட்டால், "அளவெல்லாம் எனக்கு எங்க ஆயி தெரியும்? கைக்கு வர்றதுதான்" என்பார். அம்மா தொழிற்சாலையில் மாற்று நேர வேலை செய்பவர். அவரும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. தாத்தா ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில், வாய்க்கால்களில் விரால் பிடித்து வருவாராம். அந்தத் தூண்டில் வித்தையும் தாத்தாவோடு போய்விட்டது.

சரி, நானாவது கற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்குப் பிறகுதான் உண்மையான கேள்வி எழுந்தது. யாரிடம் கற்பது? கணினிக்கு வகுப்பு உண்டு, பரதத்திற்கு வகுப்பு உண்டு, கார் ஓட்டுவதற்கும் வகுப்பு உண்டு. மீனுக்கு எங்கே வகுப்பு இருக்கிறது? ஓராண்டாகத் தேடி அலைந்ததில் நான் தெரிந்துகொண்டவற்றை, இதே ஆசை கொண்ட நண்பர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே தொகுத்துத் தருகிறேன்.

அரசாங்கம் நடத்தும் வகுப்புகள்

நம்மில் பலருக்கு மீன்வளத்துறை என்றாலே படகுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகம் என்ற எண்ணம்தான் இருக்கிறது. அத்துறைக்குச் சொந்தமாக ஒரு பயிற்சிக்கழகமே உண்டு. திரெங்கானு மாநிலத்தில் செண்டரிங் என்னும் இடத்தில் உள்ள மலேசிய மீன்வளக் கழகம்தான் அது. கடல்மீன்பிடிப்பையும் மீன் வளர்ப்பையும் தொழிலாக மேற்கொள்ள விரும்புவோருக்காக அது இயங்குகிறது. பட்டப்படிப்பாகவே படிக்க நினைப்பவர்களுக்கு, திரெங்கானு பல்கலைக்கழகத்தில் மீன்வள அறிவியலும், புத்ரா பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் உயிரின வளர்ப்பும் உள்ளன. எஸ்.பி.எம். முடித்த தம்பி தங்கைகளுக்கு 'என்ன படிப்பது' என்று வழிகாட்டும்போது இத்துறைகளையும் நாம் சொல்லலாமே! மருத்துவம், சட்டம், கணக்கியல் என்ற மூன்றையே எத்தனை காலத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பது?

மீனவர்களின் நலனைக் கவனிப்பது மலேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இதனை மலாயில் 'எல்.கே.ஐ.எம்.' என்று சுருக்கமாகக் கூறுவர். வட்டார மீனவர் சங்கங்கள் இதன் மேற்பார்வையில் இயங்குகின்றன. இவற்றில் மீனவப் பெண்களுக்காக 'கூனித்தா' என்னும் குழுக்கள் உண்டு. மீனை வைத்துக் கெரொப்போக், மீன் உருண்டை, கருவாடு போன்றவற்றைத் தயாரித்து விற்பவர்கள் இவர்கள். இவை மீனவக் குடும்பங்களுக்கான அமைப்புகள் என்பதால் நம்மைப் போன்றவர்கள் உறுப்பினராவது கடினம். ஆனால் போய்ப் பேசுவதற்கும், அவர்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதற்கும் யாரும் தடை சொல்வதில்லை. முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுச் சென்றால் போதும்.

பொதுமக்கள் யாரும் சேரக்கூடியவை சமூகக் கல்லூரிகளின் குறுகிய காலப் பயிற்சிகள். 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இக்கல்லூரிகள் இன்று நாடு முழுவதும் உள்ளன. சமையல், அடுமனை, உணவு பதப்படுத்துதல் என்று ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ முடியும் வகுப்புகள் அங்கு நடக்கும். கட்டணம் குறைவு, வயது வரம்பு பற்றிய கவலையும் இல்லை. எந்த வகுப்பு எப்போது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதால், அருகிலுள்ள கல்லூரியை அழைத்துக் கேட்பதே சிறந்த வழி.

நான் அப்படி ஒருநாள் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். பதினைந்து பேரில் நான் ஒருத்திதான் இந்தியப் பெண். முதலில் கூச்சமாக இருந்தது. கத்தியைக் கையில் கொடுத்ததும் கூச்சம் போய்ப் பயம் வந்துவிட்டது. செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்து நடுமுள் வரை வெட்ட வேண்டும். பிறகு கத்தியைப் படுக்கவைத்து, முள்ளின்மேல் உரசியபடியே வால் வரை இழுக்க வேண்டும். நான் இழுத்ததில் பாதிச் சதை முள்ளிலேயே தங்கிவிட்டது. பயிற்றுநர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கரண்டியைக் கொடுத்து அந்தச் சதையை வழித்தெடுக்கச் சொன்னார். அதில் உப்புச் சேர்த்துப் பிசைந்தால் ஒட்டும் பசைபோல் ஆகும். மீனின் தசையிலுள்ள புரதத்தை உப்பு கரைத்து வெளிக்கொணர்வதால்தான் இந்தப் பசை உண்டாகிறது. மாவு சூடேறிவிட்டால் உருண்டை உதிர்ந்துவிடும் என்பதால் ஐஸ் தண்ணீரைத் தெளித்துப் பிசைய வேண்டும். நாம் கடையில் சாப்பிடும் மீன் உருண்டையின் இரகசியம் இவ்வளவுதான்.

உணவுக்கடை வைக்கும் எண்ணம் உள்ளவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். 2009-ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி, உணவைக் கையாளுபவர்கள் சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சியை முடித்திருக்க வேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். வாரக் கடைசியில் பகுதிநேரமாகக் கடையில் வேலை செய்யும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

தனியார் வகுப்பில் நான் கற்ற பாடம்

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு தனியார் சமையல் வகுப்பின் விளம்பரத்தைப் பார்த்து, பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தைக் கட்டிச் சேர்ந்தேன். 'மீன் சமையல் அனைத்தும்' என்று விளம்பரத்தில் இருந்தது. போய் உட்கார்ந்தால், முள் நீக்கிய சால்மன் துண்டுகள் பளபளவென்று தட்டில் காத்திருந்தன. மூன்று மணி நேரமும் ஆசிரியர் செய்தார், நாங்கள் பார்த்தோம். கடைசியில் ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டோம். சுவையாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஒரு மீனைக்கூடத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கிலோ கெம்போங்கைக் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன்.

அந்த ஏமாற்றத்தால் ஒரு நன்மை கிடைத்தது. அதன் பிறகு எந்த ஆசிரியரிடம் போனாலும் சேர்வதற்கு முன்பே சில கேள்விகளைக் கேட்கத் தொடங்கினேன். சமையல் வகுப்பென்றால் இவற்றைக் கேட்கலாம்:

1. மாணவர்கள் தாங்களே மீனைக் கழுவி வெட்டுவார்களா, பார்ப்பது மட்டும்தானா?
2. ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்?
3. முழு மீனா, வெட்டிய துண்டா? நம் சந்தையில் கிடைக்கும் மீனா?
4. மீனுக்கும் மளிகைக்கும் தனிக் கட்டணம் உண்டா?
5. மீன் வாங்கச் சொல்லித் தருவார்களா?

மீன்பிடிப் பயணத்திற்கு அழைத்துச் செல்பவர் என்றால் கேள்விகள் வேறு. படகுக்கு உரிமம் இருக்கிறதா? ஆளுக்கு ஓர் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? வானிலை மோசமானால் பயணத்தை ஒத்திவைப்பாரா, பணத்தைத் திருப்பித் தருவாரா? கிழக்குக் கரையில் ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அந்த மாதங்களில் 'மலிவு விலை' என்று யாராவது கடலுக்கு அழைத்தால், விலை ஏன் மலிந்தது என்று யோசிக்க வேண்டும்.

இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரே நல்ல ஆசிரியர் என்பது என் அனுபவம்.

கட்டணம் வாங்காத ஆசிரியர்கள்

பலகை மாட்டாத ஆசிரியர்கள் சந்தையில்தான் இருக்கிறார்கள். காலை ஏழு மணிக்குப் போனால் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. கூட்டம் குறைந்த பத்து மணி அளவில் போய், ஒரு கிலோ மீன் வாங்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்லித் தருவார்கள். அடுத்த வாரம் இன்னொரு கேள்வி. இப்படியே நான் நான்கு மாதம் படித்தேன்.

தெலுக் இந்தான் சந்தையில் என் ஆசிரியர் ஒரு சீன ஆன்ட்டி. நல்ல மீனை எப்படி அறிவது என்று அவர்தான் காட்டினார். கண் தெளிவாகவும் சற்றுப் புடைத்தும் இருக்க வேண்டும். குழி விழுந்து வெளிறியிருந்தால் பழைய மீன். செவுளைத் தூக்கிப் பார்த்தால் நல்ல சிவப்பு தெரிய வேண்டும். பழுப்பு நிறம் ஆகாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை திரும்ப வேண்டும். கடல் வாடை இருக்கலாம், நாற்றம் இருக்கக்கூடாது. தன் கடை மீனையே காட்டி, "இது நேற்று வந்தது, இன்று குழம்புக்கு வேண்டாம், பொரித்துச் சாப்பிடு" என்று சொன்னவர் அவர். அப்படிப்பட்டவர் கடையை விட்டு வேறு கடைக்குப் போக மனம் வருமா?

வாங்கிய மீனை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்பதும் பாடத்தில் சேரும். கெம்போங், தெங்கிரி, சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரலாம். 'எனக்கு இந்த மீன் ஒத்துக்கொள்ளாது' என்று சொல்பவர்களில் சிலருக்கு, ஒத்துக்கொள்ளாதது மீனாக இல்லாமல் காரின் பின்பக்கத்தில் அது கிடந்த இரண்டு மணி நேரமாக இருக்கலாம். பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துச் செல்வதே எளிய மருந்து.

சந்தையில் பெயர்களையும் சேர்த்துக் கற்றேன். ஒரு சிறிய புத்தகத்தில் இரண்டு பத்திகள் வைத்தேன். கடையில் கேட்ட மலாய்ப் பெயர் ஒரு பக்கம், வீட்டுக்கு வந்து பாட்டியிடம் மீனைக் காட்டிக் கேட்ட தமிழ்ப் பெயர் மறுபக்கம். கெம்போங் என்றால் கானாங்கெளுத்தி. தெங்கிரி என்றால் வஞ்சிரம். சியாகாப் என்றால் கொடுவா. பாரி என்றால் திருக்கை. பெலானாக் என்றால் மடவை. பாராங் என்றால் முள்ளுவாளை. ஹாருவான் என்றால் தாத்தா பிடித்த அதே விரால். ஈக்கான் பிலிஸ் என்றால் நெத்திலி. பாவாலும் வவ்வாலும் காதுக்கே ஒன்றுபோல ஒலித்தன. இப்போது அந்தப் புத்தகத்தில் முப்பத்து நான்கு மீன்கள் இருக்கின்றன. தேர்வுக்காக நான் எழுதிய நெய்தலைவிட இந்த நெய்தல் எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

தூண்டில் பிடித்த கதை

மீன் பிடிக்கக் கற்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. "பொம்பளப் பிள்ளைக்கு என்னடி ஆத்தங்கரையில வேலை?" என்று அம்மா கேட்டார். பக்கத்து வீட்டு மாமா, தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஞாயிறுதோறும் பேராக் ஆற்றில் ஊடாங் காலா பிடிக்கப் போவார். அவரிடம் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். கடைசியில் தம்பியும் கூட வர வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. தம்பி கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தான், நான் கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் ஆற்றுக்கே போகவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பழகினோம். தூண்டில் முள்ளின் காதில் தங்கூசி நூலை நுழைத்து, நுனியை நூலின்மேல் ஐந்தாறு முறை சுற்றி, முள்ளை ஒட்டிய துளையில் விட்டு இழுக்க வேண்டும். இழுப்பதற்கு முன் எச்சிலால் ஈரப்படுத்த வேண்டும். காய்ந்த நூலை இழுத்தால் உராய்வில் சூடேறி வலு குறைந்துவிடும் என்றார் மாமா. நான் இருபது முடிச்சுப் போட்டேன். அவர் இழுத்துப் பார்த்ததில் பதினாறு அவிழ்ந்தன.

தூண்டில் முள்ளின் எண்களும் என்னைக் குழப்பின. பத்தாம் எண்ணைவிட எட்டாம் எண் முள் பெரியது. எண் குறையக் குறைய முள் பெரிதாகும். ஒன்றாம் எண்ணைத் தாண்டியதும் கணக்கு மாறிவிடும். ஒன்றின் கீழ் சுழியம், இரண்டின் கீழ் சுழியம் என்று போகும்போது எண் கூடக்கூட முள்ளும் பெரிதாகும். கடைக்காரரிடம் 'பெரிய முள் கொடுங்கள்' என்று கேட்டு, பத்தாம் எண்ணை வாங்கி வந்தவள் நான்.

ஆற்றில் கற்ற முதல் பாடம் நிலவைப் பற்றியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கதிரவனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் நீரின் ஏற்ற இறக்கம் மிகுதி. தெலுக் இந்தான் வரை கடலின் ஏற்ற இறக்கம் ஆற்றில் தெரியும் என்பதால் அந்நாள்களில் நீரோட்டம் வேகமாக இருக்கும். ஈயக்குண்டு தரையில் நிற்காது. அரைநிலவை ஒட்டிய நாள்களில் ஓட்டம் தணியும். மலாய் மீனவர்கள் அதை 'ஆயேர் மாத்தி' என்கிறார்கள். இறால் பிடிக்க அதுவே நல்ல நேரம் என்பது மாமாவின் கணக்கு. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அரைநிலவு என்றால் நம் நாள்காட்டியில் அஷ்டமி! நல்ல காரியத்துக்கு ஆகாது என்று பாட்டி ஒதுக்கும் நாள், இறாலுக்கு நல்ல நாளாக இருக்கிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பார்த்தே இப்போது நான் ஆற்றுக்குப் போகும் நாளைக் குறிக்கிறேன்.

ஊடாங் காலா நன்னீர் இறால்தான். ஆனால் அதன் குஞ்சுகள் பிழைக்கச் சற்று உப்புக் கலந்த நீர் வேண்டும். அதனால்தான் தாய் இறால் முகத்துவாரம் நோக்கி வருகிறது. 1960-களின் தொடக்கத்தில் பினாங்கு குளுகோரில் ஆய்வு செய்த ஷாவ் வென் லிங் என்ற அறிஞர் இதைக் கண்டறிந்த பிறகே, இந்த இறாலைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் தொழில் உலகெங்கும் பரவியது. நம் நாட்டு மண்ணில் நிகழ்ந்த இந்தக் கண்டுபிடிப்பை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மூன்றாவது ஞாயிறுதான் எனக்கு முதல் இறால் கிடைத்தது. என் உள்ளங்கையைவிடச் சிறியது. மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வளரட்டும்மா" என்று ஆற்றிலேயே விட்டுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அன்று கற்றது மறக்காது.

ஆற்றங்கரை கிடைக்காத நகரத்து நண்பர்கள் கட்டணக் குளங்களில் தொடங்கலாம். மணிக்கணக்கில் பணம் கட்டித் தூண்டில் போடும் குளங்கள் நம் நாட்டில் பல உண்டு. கெலி, திலாப்பியா, பாத்தின் போன்ற மீன்களை அங்கு விட்டிருப்பார்கள். வழக்கமாக வரும் ஆள்களைப் பார்த்து வைத்து, பக்கத்தில் அமர்ந்து கேட்டாலே போதும். தூண்டில்காரர்கள் பேசத் தயங்குவதில்லை. கெலி மீனை மட்டும் அவசரப்பட்டுப் பிடிக்காதீர்கள். செவுளின் இரு பக்கமும் உள்ள முள் குத்தினால் கடுகடுக்கும்.

சட்டமும் ஆபத்தும்

எந்த ஆசிரியரிடம் கற்றாலும் சிலவற்றை நாமே தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி வெடி வைத்தும், நஞ்சு கலந்தும், மின்சாரம் பாய்ச்சியும் மீன் பிடிப்பது குற்றம். 'எங்க தோட்டத்துல எல்லாரும் பேட்டரி வெச்சுத்தான் பிடிப்பாங்க' என்று யாராவது கற்றுக்கொடுக்க வந்தால், அந்த ஆசிரியர் நமக்கு வேண்டாம். தியோமான், ரெடாங், பாயார் போன்ற தீவுகளைச் சுற்றியுள்ள கடல் பூங்காக்களில் தூண்டில் போடவும் தடை உண்டு. ஆற்று மீன்பிடிப்பு மாநில அரசுகளின் அதிகாரத்தில் வருவதால், ஒரு மாநிலத்தின் விதி இன்னொரு மாநிலத்திற்குப் பொருந்தாது. புதிய ஊருக்குப் போகும்போது அங்குள்ள மீன்வள அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

தெரியாத மீனைச் சமைக்கக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பூந்தால் என்று மலாயில் சொல்லப்படும் பேத்தை மீனில் கொடிய நஞ்சு உண்டு. சமைப்பதால் அது நீங்காது. 2023-ஆம் ஆண்டு ஜொகூரில் அந்த மீனைச் சமைத்து உண்ட வயதான தம்பதியர் இருவருமே உயிரிழந்தனர். பெயர் தெரிவது உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாட்டியின் உள்ளங்கை

இத்தனை வகுப்புகளுக்கும் பிறகு, நான் தேடிப் போன மீன் குழம்பு மட்டும் எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை. அது வீட்டில்தான் இருந்தது. அதை வெளியே எடுக்கும் வழிதான் தெரியவில்லை.

ஒருநாள், அடுமனை வேலைக்காகத் தோழி வைத்திருந்த சிறிய நிறுவையைக் கடன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பாட்டியின் இடது உள்ளங்கையில் புளியை வைத்தேன். "இது போதுமா பாட்டி?" "கொஞ்சம் கொற." குறைத்தேன். "இப்ப?" "ம்... இன்னும் ஒரு கொட்டை அளவு எடு." எடுத்தேன். "ஆங், இது சரி." அதை நிறுவையில் வைத்தேன். ஒரு கிலோ மீனுக்கு 40 கிராம் புளி. இப்படியே மிளகாய்த்தூள், மல்லித்தூள், வெந்தயம், சின்ன வெங்காயம் என்று ஒவ்வொன்றையும் பாட்டி உள்ளங்கையில் ஏந்தி நிறுத்தார், நான் எழுதினேன். அளவு தெரியாது என்று சொன்னவருக்கு ஒவ்வோர் அளவும் கிராம் கணக்கில் தெரிந்திருந்தது. இத்தனை நாள் அவரிடம் யாரும் சரியாகக் கேட்கவில்லை.

காரணங்களையும் அன்று கேட்டேன். புளித்தண்ணீர் நன்றாகக் கொதித்துப் பச்சை வாடை போன பிறகுதான் மீனைப் போட வேண்டும். மீன் தசையை இணைக்கும் திசு மிக மெல்லியது. சில நிமிடத்தில் வெந்துவிடும். ஆட்டிறைச்சிபோல் கொதிக்கவிட்டால் உதிர்ந்துவிடும். மீன் விழுந்த பிறகு கரண்டி போடக்கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து அசைக்க வேண்டும். "கரண்டி போட்டா மீனு கோவிச்சுக்கும்" என்று பாட்டி சொல்லும் அறிவியல் இதுதான்.

நம் மீன் கறி ஒன்றும் தனித்து வளர்ந்ததில்லை. சிங்கப்பூரில் 1949-ஆம் ஆண்டு வாக்கில் கேரளத்தைச் சேர்ந்த எம்.ஜே. கோமஸ், சீனர்கள் விரும்பும் மீன் தலையைத் தென்னிந்தியக் கறியில் இட்டுச் சமைத்ததாகக் கூறப்படுகிறது. இன்று அது இரு நாடுகளுக்கும் பொதுச்சொத்து. நானும் வெட்டுவதை மலாய்ப் பயிற்றுநரிடமும், வாங்குவதைச் சீன ஆன்ட்டியிடமும், பிடிப்பதைப் பக்கத்து வீட்டு மாமாவிடமும், கொதிக்க வைப்பதைப் பாட்டியிடமும் கற்றேன். ஒரே கூரையின்கீழ் இவை அனைத்தையும் கற்றுத் தரும் வகுப்பை நான் இன்னும் காணவில்லை. பாடத்திட்டத்தை நாமேதான் அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிறைவாக

அன்புத் தோழர்களே, வகுப்பில் சேருங்கள். கத்தி பிடிக்கவும் தூய்மை பேணவும் அங்கே முறையாகக் கற்கலாம். சந்தைக்குப் போங்கள், மீனை அறியலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்பாக, உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருந்தால், அடுத்த பருவ விடுமுறையில் ஒரு நிறுவையோடும் ஒரு புத்தகத்தோடும் அவர் அருகில் போய் அமருங்கள். மற்ற வகுப்புகள் அடுத்த ஆண்டும் நடக்கும்.

அன்று குழம்பு கொதித்து இறங்கியதும் ஒரு கரண்டியை ஆறவைத்துப் பாட்டிக்குக் கொடுத்தேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உப்பு கம்மி" என்றார். உப்பை மட்டும் நிறுக்க மறந்திருந்தேன். அடுத்த வாரம் அதையும் நிறுத்து எழுதிக்கொண்டேன்.